தெய்வம்மா பதினெட்டில் வைக்கச் சொன்னாள்

தெய்வம்மாவைப் பற்றி அவள் குடியிருக்கும் தோட்டத்து லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும், "அதுங்களா? வாயே தொறக்காதுங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அவள் அம்மா வீரம்மா சிலோனில் தலவாக்கலைக்குக் கிட்டே கொழுந்து பறித்துக்கொண்டிருந்து, எழுபத்தாறாம் வருஷம் கப்பலேறி வந்தவள். வந்த இடத்திலும் அதே கொழுந்து, அதே கூடை, அதே அட்டைக்கடி. தெய்வம்மா பத்தாவது வரை படித்தாள். கந்தப்பனைக் கட்டிக்கொண்டு குன்னூருக்கு வந்து, இருபது வருஷம் அவளும் கொழுந்து பறித்தாள். பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்து நிரையில் நிற்கிறவள் ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்தால், "ம்" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

தோள்பட்டை வலி தாங்காமல், கொரோனா அடங்கிய வருஷம் அவள் தோட்ட வேலையை விட்டாள். மேட்டில் இருந்த பழைய எஸ்டேட் பங்களாவில் கூட்டித் துடைக்க ஆள் தேடினார்கள். அங்கே சமையல் பார்த்த ரேணுகா அவளைச் சேர்த்துவிட்டாள்.

பங்களாவை லீசுக்கு எடுத்திருந்தவன் அருண்பிரசாத். நாற்பதை நெருங்கிய வயது, கோயம்புத்தூரில் வசதியான குடும்பம், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். பங்களாவுக்கு 'ஒளியகம்' என்று பெயர் வைத்திருந்தான். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து நாலு நாள், ஒரு வாரம் என்று தங்குவார்கள். விளம்பரம் எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், சினிமாவுக்குக் கதை யோசிக்கிறவர்கள். யோசனை வற்றிப்போய் வருகிறவர்களுக்கு ஒளியால் தியானம் கற்றுக்கொடுப்பதாக அவன் சொன்னான்.

அதற்கென்று ஓர் அறை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. நடுவில் சாய்வு நாற்காலிகள், அவற்றுக்கு மேலே தட்டு போல ஒரு வெள்ளை விளக்கு. விளக்கு நின்று எரியாது. அணைந்து அணைந்து எரியும். நொடிக்கு எத்தனை தடவை மினுக்க வேண்டும் என்று திருகுகிற குமிழ் ஒன்று சுவரோரம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதன் கீழே சாய்ந்தால், மூடின இமைக்குள் நிறமும் கோலமும் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மனசு அடங்கி, அதுவரை தோன்றாத யோசனையெல்லாம் தோன்றும். வந்தவர்கள் பலரும் அறையை விட்டு வெளியே வந்ததும் நோட்டை எடுத்து எழுதுவதைத் தெய்வம்மாவே பார்த்திருக்கிறாள்.

புது விளக்கு வந்து இறங்கிய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, விருந்தாளிகள் யாரும் இல்லை. அறையைத் துடைத்துக்கொண்டிருந்தவளை அருண்பிரசாத் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் இதுல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு, என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லணும். அவ்வளவுதான்."

"எனக்கென்னங்க சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம்க்கா. சும்மா பாருங்க."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் சாய்ந்தாள். குமிழ் பத்தில் நின்றது. முதலில் வெறும் சிவப்பு. பிறகு சிவப்புக்குள் மஞ்சளாகக் கட்டம் கட்டமாக ஏதோ எழும்பித் தேன்கூடு மாதிரி ஆனது. தேன்கூடு சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி அது தேயிலை நிரைகளாகப் பிரிந்தது. அத்தனை பச்சையை அவள் எந்த மலையிலும் பார்த்ததில்லை.

"சார், கொழுந்தெல்லாம் மேலேர்ந்து கீழ தொங்குதுங்க. வேரு வானத்துல இருக்குது. யாரோ மேகத்துக்குள்ள நின்னு பறிக்கிறாங்க, கூடை மட்டும் தெரியுது. கூடை ரொம்பி நம்ம மேல கொட்டுதுங்க சார்."

அவளுடைய குரல்தான். ஆனால் அந்த வார்த்தைகள் இத்தனை வருஷம் எங்கே இருந்தன என்று அவளுக்கே விளங்கவில்லை. விளக்கு அணைந்தபோது அறை மங்கலாக இருந்தது. தலைக்குள் மட்டும் மழை பெய்து ஓய்ந்த காலை மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவளைக் கூப்பிட்டான். பக்கத்து முக்காலியில் அவனுடைய போன் இருக்கும். அது எதற்கு என்று ஒருநாள் கேட்டாள். "விளக்கு எந்த வேகத்துல நல்லா வேலை செய்யுதுன்னு குறிச்சுக்கத்தான்க்கா" என்றான். நீங்கள் ஏன் சார் சாய்வதில்லை என்று இன்னொரு நாள் கேட்டாள். அவன் சிரித்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. வெறும் செவப்புதான். சிலருக்கு அப்படித்தான்."

ஏழு மாசம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவளுடைய கோபம் புரியாது. சாயங்காலம் பூண்டு உரித்தபடி கந்தப்பனுக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். நெருப்பைத் தின்கிற காட்டுமாடு, பனிக்குள் வீடு கட்டிக் குடியிருக்கிற ஒரு குடும்பம், இப்படி ஏதேதோ. தேயிலை கவாத்து வெட்டி அலுத்து வருகிற அந்த மனுஷன் சாப்பாட்டை மறந்து கேட்பான். "இத்தனை வருசமா இதையெல்லாம் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்பான். லைன் பெண்கள்கூட வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

விளக்கின் கீழே அடிக்கடி அவளுடைய அம்மா வந்தாள். தலைமன்னார்த் துறையில் கப்பலுக்கு நிற்கிற இளம்பெண்ணாக, கையில் ஒரு தகரப் பெட்டியோடு. பெட்டியில் வெள்ளைச் சாயத்தால் 417 என்று எழுதியிருக்கும். பெட்டியைச் சோதிக்க வருகிற அதிகாரியின் பளபளப்பான பூட்சு, கடலைப் பார்த்து வாந்தியெடுக்கிற கிழவர், பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே வருகிற அம்மா. எல்லாவற்றையும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பெட்டியின் பூட்டில் அம்மா கை வைக்கிற இடம் வரை வந்துவிட்டாள்.

அன்றைக்குச் செவ்வாய், ஐப்பசி மாசம். அருண்பிரசாத் அவசரத்தில் இருந்தான். வேகம் கூடினால் படம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தான் போலிருக்கிறது. "பதினெட்டுல வெச்சுப் பார்ப்போம்க்கா" என்றான். அம்மாவின் கை பூட்டைத் தொட்டது. வெளிச்சம் ஊசி ஊசியாகக் குத்தியது. "சார், போதுங்க, ஒரு மாதிரி இருக்குது" என்று சொல்ல நினைத்தாள். சொன்னாளா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. வலது கை தானாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதோடு சரி.

கண் திறந்தபோது விறகுக் கொட்டகையில், காலிச் சாக்குகள்மேல் கிடந்தாள். முன் பல் இரண்டும் இல்லை. வலது தோள் இறங்கித் தொங்கியது. சேலை நனைந்திருந்தது. ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மதியம் விருந்தாளிகள் வரும் நேரமாம். விளக்கறையில் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று அருண்பிரசாத் தோட்டக்காரனை விட்டுத் தூக்கிவந்து இங்கே போடச் சொல்லியிருக்கிறான். விருந்தாளிகள் வந்து டீ குடித்து மாடிக்குப் போன பிறகுதான் ஆட்டோ கூப்பிட்டார்கள். இடையில் இரண்டு மணி நேரம்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கந்தப்பனுக்கு ஒளியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "தமக்கு இருந்த வலிப்பு நோயை மறைத்துப் பணியில் சேர்ந்ததாலும், படிக்கட்டைத் துடைக்கும்போது வலிப்பு வந்து விழுந்ததாலும்" அவளை வேலையிலிருந்து விடுவிப்பதாக அதில் எழுதியிருந்தது.

கோயம்புத்தூரில் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்த டாக்டர், மினுக்குகிற வெளிச்சம் பட்டால் சிலருக்கு மட்டும் இப்படி வரும், அதுவரை அவர்களுக்கே தெரியாது என்று விளக்கினார். "இதுக்கு முன்னாடி வந்ததில்லைங்க" என்றாள் தெய்வம்மா. "இருக்கலாம்மா. ஆனா அதை நான் எப்படி எழுதித் தர முடியும்?" என்றார் அவர். நியாயம்தான். விளக்குக் கீழே அவள் சாய்ந்ததைப் பார்த்த ஒரே ஆள் அருண்பிரசாத். புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது அவன் பதற்றமே இல்லாமல், படிக்கட்டில் விழுந்தார்கள் என்று சொல்லிவிட்டான். அக்காவுக்காக வருத்தப்படுவதாகவும் சொன்னான்.

காலையும் மாலையும் மாத்திரை. இருட்டில் டிவி பார்க்கக் கூடாது. பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு அடித்தால் ஒரு கண்ணைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொள்ள வேண்டும். தேயிலை பேக்டரியில் சலிக்கிற வேலை கேட்டுப் போனாள். மேனேஜர் ஒளியகத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, மிஷின் ஓடுகிற இடத்தில் வலிப்புக்காரியை வைக்க முடியாது என்றார். லைனில் அவளைக் கண்டால் சில பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எல்லாவற்றையும்விட அவளைத் தின்றது வேறு. கண்ணை மூடினால் இப்போது ஒன்றுமே வரவில்லை. கதையும் வரவில்லை. மறுபடியும் "ம்" என்று சொல்கிறவளாக ஆகிவிட்டாள்.

ஆனால் உள்ளே பேசிக்கொண்டுதான் இருந்தாள். அத்தனையும் அவனோடு. அரிசி களையும்போது, துணி அலசும்போது, அவன் எப்படியெல்லாம் விழ வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பாள். அவன் பல் போக வேண்டும். அவன் வேட்டியிலேயே மூத்திரம் போய்க் கிடக்க வேண்டும், அவனைச் சுற்றி நின்று நாலு பேர் டீ குடிக்க வேண்டும். முக்கியமாக, அவன் 'அக்கா' என்று கூப்பிட வேண்டும், அவள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பங்களா கண்ணாடி மேல் கல் எறிந்தால் என்ன என்று யோசித்தாள். கண்ணாடியை மாற்றிவிடுவான்.

"விட்டுரு தெய்வா. நம்மளால அவங்க கூட மல்லுக்கு நிக்க முடியுமா?" என்றான் கந்தப்பன்.

"நீங்க விடுங்க. நான் விடமாட்டேன்."

ஆனைமலைக்குப் பஸ் ஏறிப்போய், அநியாயம் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லி மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்தாள். இடது கையால் ஆட்டுக்கல்லைப் பிடித்து, தோள் வலியோடு, கண் எரிய எரிய அரைத்து அம்மனின் நீதிக்கல்மேல் பூசிவிட்டு வந்தாள். மூன்று மாசம் காத்திருந்தாள். அருண்பிரசாத் புதுக் கார் வாங்கினான். அம்மனுக்கும் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இரண்டாம் தடவை போகவில்லை.

அவள் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, மாசி மாசத்தில் ஒருநாள் ரேணுகா டிபன் தூக்குக்குள் மறைத்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அட்டையில் அருண்பிரசாத்தின் முகம், பின்னால் வட்ட வட்டமாக வெளிச்சம். 'ஒளிக்குள் ஒரு பிறவி' என்று பெயர்.

"மூணாவது பாகத்தைப் படி" என்றாள் ரேணுகா. "எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு."

தெய்வம்மா வாசல்படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். விளக்கொளியில் தியானத்தில் ஆழ்ந்தபோது தன்னுடைய முற்பிறவியைக் கண்டதாக அவன் எழுதியிருந்தான். போன பிறவியில் அவன் ஒரு பெண். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தலைமன்னார்த் துறையில் தகரப் பெட்டியோடு நிற்கிறாள். பெட்டியில் வெள்ளைச் சாயத்தில் 417. பூட்சுக்கால் அதிகாரி, வாந்தியெடுக்கிற கிழவர், எல்லாம் இருந்தது. கொழுந்து வானத்திலிருந்து தொங்கியதும் இருந்தது. ஒரு விஷயம்கூட மாற்றவில்லை. அவளுடைய பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டு வைத்திருந்தான். கடைசியில், "என் கை பூட்டைத் தொட்டது. பெட்டி திறக்கவில்லை. அதனுள்ளே இருப்பது மௌனம்" என்று முடித்திருந்தான்.

விரலை அந்த வரியிலிருந்து எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"எங்கம்மா செத்து ஏழு வருசம்தானே ஆவுது? அதுக்குள்ள இவன் எப்பிடி எங்கம்மாவாப் பொறந்து, செத்து, மறுபடி பொறந்து நாப்பது வயசானான்?"

ரேணுகாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தெய்வம்மா சிரிக்கவில்லை. உடம்பைக் கெடுத்ததற்கு அவனைச் சபித்துக்கொண்டிருந்தாள். அம்மாவையே எடுத்துக்கொண்டு போனதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. "இந்த ஒளி எந்த வேகத்திலும், எவருக்கும், முற்றிலும் பாதுகாப்பானது." அதை மூன்று தடவை படித்தாள்.

"இந்தப் புத்தகத்துக்கு விழா ஏதாச்சும் வெக்கிறாங்களா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை காலையில. அறுவது பேருக்குச் சமைக்கோணும். ரிட்டயர்டு டாக்டரம்மா பியாட்ரிஸ்தான் தலைமை. வெளக்கையும் ஹால்ல மாட்டிக் காட்டப் போறாங்களாம்."

"என்னை அடுப்படி வழியா உள்ள விட்டுரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்ன செய்யப்போற?"

"அந்த நாற்காலியில உக்காரப்போறேன்."

ரேணுகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்துருவடி."

"போன தடவை சாவல. அப்ப பாக்க ஆளில்ல. இப்ப அறுவது பேரு இருப்பாங்க. ஒண்ணு, அவனே எந்திரிச்சு வந்து நிறுத்தோணும். இல்லாட்டி நான் அத்தனை பேரு முன்னாடி அவன் காலடியில விழோணும். ரெண்டுல எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்."

கந்தப்பனிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையைக் கையில் எடுத்தாள், மறுபடி டப்பாவிலேயே போட்டாள். நல்ல சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேடு ஏறினாள்.

ஹாலில் கம்பளம், பூ அலங்காரம், மைக், வரிசையாக நாற்காலிகள். கறுப்புத் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். அருண்பிரசாத் வெள்ளைச் சட்டையில் பேசினான். மூன்றாம் பாகத்திலிருந்து அவனே வாசித்தும் காட்டினான். 417 என்று வந்தபோது முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படிக் கதவோரம் நின்ற தெய்வம்மா அதைப் பார்த்தாள். அது என் அம்மாவுக்கு விழவேண்டிய கண்ணீர் என்று நினைத்தாள்.

வாசித்து முடித்து அவன் கேட்டான்: "யாராவது ஒருத்தர் முன்னாடி வாங்க. ஒளியை நீங்களே அனுபவிச்சுப் பாருங்க."

இரண்டு மூன்று கைகள் எழுந்தன. அதற்குள் தெய்வம்மா நடந்துபோய் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். அருண்பிரசாத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"இவங்க... இவங்க நம்ம கெஸ்ட் இல்ல."

"கெஸ்ட் இல்லீங்க. பக்கத்து லைன்தான். அய்யா புத்தகத்தைப் படிச்சேன். எந்த வேகத்துலயும் யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு போட்டிருக்குது. அதை நம்பித்தான் வந்தேன்" என்று அவள் சபையைப் பார்த்தே சொன்னாள். ஓட்டைப் பல்லோடு அவள் பேசியதைக் கேட்டுச் சிலர் கை தட்டினார்கள். உள்ளூர்க்காரி ஒருத்தி ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். இப்போது அவளை எழுந்திருக்கச் சொல்ல அவனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அந்தக் காரணத்தை அவனால் சொல்ல முடியாது.

விளக்கை இயக்குகிற லூயிஸ் புதிதாக வேலைக்கு வந்தவன். அவளை அவனுக்குத் தெரியாது. எந்த எண்ணில் வைப்பது என்று கேட்டான்.

"பதினெட்டுல வைங்க" என்றாள்.

"முதல் தடவைக்கு எட்டுல ஆரம்பிக்கலாம்மா. அப்புறம் கூட்டிக்கலாம்" என்றான் லூயிஸ்.

"சரிங்க. ஆனா பதினெட்டு வரைக்கும் போவோணும்."

விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த இமைக்குள் சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, தேன்கூடு வந்தது. பகையை மறந்து ஒரு கணம் அப்படியே கிடந்தாள். பிறகு பேசினாள், மைக் பக்கத்தில் இருந்தது.

"இப்ப அய்யா படிச்சாருங்களே, அந்தப் பெட்டி. அதை நான் தெறக்கறேன். எங்கம்மா பேரு வீரம்மா. நானூத்திப் பதினேழு அவங்க பெட்டி நம்பரு. இன்னும் என் ஊட்டுலதான் இருக்குது, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம். அதுக்குள்ள ஒரு கவாத்துக் கத்தி, ரெண்டு கம்பளி, ஒரு டீ கேத்தல். அதுக்கடியில ஒரு சின்னக் கவுனு."

"பத்து" என்றான் லூயிஸ். குமிழைத் திருப்பினான்.

"எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சுங்க. பாப்பான்னு கூப்பிடுவாங்க. மூணு வயசுல காச்சல்ல அங்கயே செத்துப்போச்சு. தேயிலைக்கு நடுவுலதான் பொதைச்சாங்க. அதை விட்டுட்டு வரோணுமேன்னு எங்கம்மா கவுனை எடுத்து மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. கப்பல்ல ஒருத்தர் கையிலயும் பெட்டியைக் குடுக்காதது அதுக்குத்தான். அய்யா அதுல மௌனம் இருக்குதுன்னு எழுதியிருக்காரு."

சிலர் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். "பன்னெண்டு" என்றான் லூயிஸ். அவன் குரல் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பதினாலு."

தெய்வம்மாவின் வலது கைவிரல்கள் துடிக்கத் தொடங்கின. அவளுக்குத் தெரிந்தது. வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் நாலு எண்தான். லூயிஸின் கை குமிழுக்குப் போனது.

"நிறுத்து! நிறுத்து லூயிஸ்! அவங்களுக்கு வலிப்பு வந்துரும்!"

அருண்பிரசாத் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து ஒயரையே பிடுங்கினான். இருட்டு. யாரோ திரையை விலக்கினார்கள். பகல் வெளிச்சம் உள்ளே வந்து எல்லோர் முகத்திலும் விழுந்தது. டாக்டர் பியாட்ரிஸ் எழுந்து வந்து தெய்வம்மாவின் நாடியைப் பிடித்தார். கை துடிப்பு மெல்ல அடங்கியது. பிறகு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்கீங்க. இவங்களுக்கு வலிப்பு வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான்.

"போன தடவையும் இதே வெளக்குதானுங்க டாக்டரம்மா. இவரு கையாலதான் பதினெட்டுல வெச்சாரு" என்றாள் தெய்வம்மா. "என் பல்லு ரெண்டும் அந்த வெளக்கறையிலதான் விழுந்துச்சு. அப்புறம் என்னைக் கொண்டுபோயி விறகுக் கொட்டாயில போட்டாங்க. கெஸ்ட்டு வர்ற நேரம்னு."

அடுப்படிக் கதவிலிருந்து ரேணுகா முன்னால் வந்தாள். வேலை போகும் என்று தெரிந்தே வந்தாள். "ஆமாங்க. கொட்டாயில கெடந்ததை நான் பாத்தேன்" என்றாள்.

அதற்கு மேல் விழா நடக்கவில்லை. அறுபது பேருக்கு ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. டாக்டர் பியாட்ரிஸ் தெய்வம்மாவைத் தன் காரிலேயே அழைத்துப் போனார். வழியெல்லாம் திட்டினார். மாத்திரை போடாமல் வந்ததைச் சொன்னபோது வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திட்டினார். தெய்வம்மா "ம்" என்றாள். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் புகார் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். போனில் எடுத்த படங்கள் இருந்ததால் இந்தத் தடவை படிக்கட்டுக் கதை எடுபடவில்லை. விளக்கறைக்குச் சீல் வைத்தார்கள். இரண்டு மாசத்தில் ஒளியகம் காலியானது. பெயர்ப் பலகையைக்கூடக் கழற்றாமல் அருண்பிரசாத் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். புத்தகத்தை அச்சடித்தவர்கள் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து கந்தப்பன் ஒருநாள் சொன்னான்: "என்ன இருந்தாலும் கடைசியில உன்னைக் காப்பாத்தத்தானே ஓடியாந்தான்?"

"என்னையா? அத்தனை பேரு முன்னாடி நான் விழுந்துட்டா அவன் கதை என்னாவறது? அதுக்கு ஓடியாந்தான்" என்றாள். ஆனால் திரை விலகியதும் அவன் சபையைப் பார்க்காமல் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தான். அதைக் கந்தப்பனிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு விழாமல் போனதில் அவளுக்கு ஏமாற்றம்தான். அந்த விலை உயர்ந்த கம்பளத்தில், அந்தப் பூவுக்கு நடுவில் விழுந்திருக்க வேண்டும் என்று இன்னும் நினைக்கிறாள்.

இப்போது அவளும் ரேணுகாவும் ஒரு பூச்செடி நர்சரியில் வேலை செய்கிறார்கள். நாற்றைப் பையில் எடுத்து வைக்கிற வேலை, தோளுக்குக் கஷ்டமில்லை. வேலை கேட்டுப் போனபோது, வலிப்பைப் பற்றி அவளே முதலில் சொல்லிவிட்டாள்.

ஆறு மாசம் முன்னால் ஒரு மத்தியானம் அருண்பிரசாத் போன் செய்தான். குரல் இளைத்திருந்தது.

"அக்கா, மன்னிச்சிருங்க. நான் பண்ணினது தப்புதான். உங்க குரல் ரெக்கார்டு எல்லாம் எங்கிட்ட இருக்கு. இருபத்தெட்டு வாரம். அத்தனையும் உங்களுக்கே அனுப்பிடறேன். கேஸை மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க. இனிமே விளக்குக் கீழ நீங்க சாய முடியாது. அந்தக் கதையெல்லாம் வேற எங்கயும் கிடைக்காதுக்கா."

நர்சரி நிழல்வலைக்குக் கீழே அவள் அசையாமல் நின்றாள். நெருப்பைத் தின்கிற காட்டுமாடு, பனி வீட்டுக் குடும்பம், அவள் பாதிக்கு மேல் மறந்துபோனவை, எல்லாம் அவன் கையில் இருந்தன. வாழ்க்கையில் அவள் உண்டாக்கியது என்று சொல்ல வேறொன்றும் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். "கேஸு நடக்கட்டும்."

போனை மடியில் செருகிக்கொண்டு மறுபடியும் பையில் மண் நிரப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ரேணுகா பார்த்துவிட்டு அடுத்த பையை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதைகளில் சிலவற்றை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தாள். கந்தப்பன் நன்றாக இருக்கிறது என்றான். பழையபடி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வழக்கு குன்னூர்க் கோர்ட்டில் நடக்கிறது. சாட்சி சொல்கிற நாள் தவிர அவள் வரவேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு சொல்லிவிட்டுப் போகிறாள். தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, அவன் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே உள்ள பெஞ்சில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கேஸைத் தள்ளிவைத்து, அவன் தலை குனிந்தபடி படியிறங்கிக் காரில் ஏறுகிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகுதான் எழுந்து பஸ்ஸுக்குப் போகிறாள்.